திறந்திருந்த மைக்

அன்றைக்கு ஊரே ஆசாத்தைத் திட்டியது. அதில் பாதித் திட்டு எனக்குச் சேர வேண்டியது. அதை வாங்கிக்கொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் அப்பாஸ். திண்டுக்கல் பேகம்பூரில் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மீலாது விழா என்று எதற்கும் என் குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். ஆசாத் என் தங்கை முஹ்சினாவைக் கட்டியவன். நானும் அவனும் ஒரே தெருவில் கோலி விளையாடியவர்கள். அதனால் தங்கையைக் கொடுத்த பிறகும் எங்களுக்குள் வாடா போடாதான். அவன் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குக் கோல் காத்து, கழுத்தில் பதக்கத்தோடு வந்து இறங்கிய பிறகும் அதேதான்.

பதக்கம் வந்த இரண்டாம் வருடம் அவன் வலது முட்டி போய்விட்டது. நடக்கலாம், மாடி ஏறலாம், விழ மட்டும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோல் கீப்பரிடம் விழாதே என்றால் அப்புறம் அவனுக்கு என்ன வேலை? அண்ணனுடைய தோல் மண்டியில் போய் உட்கார்ந்தான். தோல் பார்க்க வருகிறவர்கள் தோலைப் பார்ப்பதற்கு முன்னால் அவனோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். ஆறு மாதம் பல்லைக் காட்டிப் பார்த்தான். பிறகு ஒரு நாள் மத்தியானம் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

"ஷோகேஸ் பொம்ம கணக்கா வச்சிருக்காக மச்சான். காலு போச்சு, சரி. கண்ணும் வாயும் இருக்குல்ல? மேட்ச்சப் பார்த்து நான் சொன்னா ஆகாதா?"

ஒரு விளையாட்டுச் சேனல் அந்த வருடம் ஹாக்கி லீக்கைத் தமிழில் காட்டப் போவதாகவும், வர்ணனை சொல்ல ஆள் தேடுவதாகவும் அவனுக்குத் தகவல் வந்திருந்தது. எழுதிப் போட்டான். உடனே கூப்பிட்டார்கள். ஒலிம்பிக் ஆள் ஆயிற்றே.

சென்னையில் நடந்த சோதனை கேவலமாகப் போனது. துணைக்குப் போயிருந்ததால் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். பழைய பெண்கள் ஆட்டம் ஒன்றைத் திரையில் ஓடவிட்டு, பேசுங்கள் சார் என்றார்கள். முதல் ஐந்து நிமிடம் நன்றாகத்தான் சொன்னான். கோல் வட்டத்துக்குள் பந்து நுழைந்ததும் அவனுக்குள் இருந்த பழைய ஆள் எழுந்துவிட்டான். "வெளிய வா! வெளிய வாம்மா! விழாத! இடது பக்கம் ஆள விட்டுட்டீங்க, ஏ, அவளப் பிடி!" என்று திரையைப் பார்த்துக் கத்தினான். மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே விழுந்தது.

அவனைக் குறை சொல்ல முடியாது. ஹாக்கியில் கோல் கீப்பர்தான் அணியின் வாய். மற்ற பத்துப் பேரும் பந்தைப் பார்ப்பார்கள், பின்னால் நிற்கிற அவன் ஒருவன்தான் எல்லோரையும் பார்ப்பான். பார்த்ததைக் கத்திச் சொல்வான். பதினெட்டு வருடம் கத்திய வாய் அது.

தயாரிப்பாளர் பெயர் ஆனந்தி. முப்பது வயதுக்குள் இருக்கும். படத்தை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "சார், இந்த மேட்ச் போன வருஷமே முடிஞ்சிருச்சு. அந்தப் பொண்ணுக்கு உங்க குரல் கேக்காது. என்ன நடந்துச்சோ அதச் சொல்லுங்க. யாருக்கும் உத்தரவு போடாதீங்க. உங்க வேல இப்ப அது இல்ல." குரலில் கோபம் இல்லை, அதனால்தான் அவனுக்கு அதிகமாக உறைத்தது. போகும்போது ஒரு வாய்ப்புக் கொடுத்தார். திண்டுக்கல்லில் நடக்கும் பெண்கள் போட்டியின் இறுதி ஆட்டத்தைச் சேனல் தன் செயலியில் நேரலையாகக் காட்டுகிறது. அதற்கு ஆசாத் வர்ணனை சொல்லட்டும். உத்தரவு ஒன்றுகூட வராமல் முடித்தால் லீக் முழுதும் அவனுக்கு. வந்தால், தோல் மண்டிதான்.

அடுத்த மூன்று வாரம் என் கடை குடோனில் பயிற்சி. பழைய ஆட்டங்களை டிவியில் போட்டு அவனைப் பேசவிடுவேன். "வா", "போ", "பிடி" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி வீல் என்று அலறவிடுவேன். தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். முதல் நாள் நாற்பத்தொரு அலறல். கடைசி நாள் இரண்டு. முஹ்சினா சாப்பாடு கொண்டுவந்தால் அதற்கும் வர்ணனை சொல்லுவான். "வலது கையில் கரண்டியோடு முன்னேறுகிறார், எலும்பில்லாத துண்டை அண்ணனுக்குத் தள்ளுகிறார்." அவள் சிரித்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று ஒரு துஆ ஓதி ஊதிவிட்டுப் போவாள். அவளுக்கு அவன் மறுபடியும் சாயங்காலமானால் வியர்வையோடு வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு. வேடசந்தூர் அணிக்கும் கோவில்பட்டி அணிக்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இறுதிவரை வந்ததே அதுதான் முதல் தடவை. வேடசந்தூரிலிருந்து நான்கு மில் பஸ் வந்தது. காலை ஷிப்ட் முடித்த பெண்கள் தலையில் பஞ்சுத் தூசியோடு அப்படியே இறங்கினார்கள். அந்த அணியின் கோல் கீப்பர் ஜீவிதாவின் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஜீவிதாவுக்குப் பதினேழு வயது. மெலிந்த பெண். காப்புகளை எல்லாம் மாட்டியதும் உடுப்புக்குள் ஆள் இருக்கிறாளா என்று தேட வேண்டும்.

வர்ணனைக் கூண்டு, கோலுக்குப் பக்கவாட்டில் சாரம் கட்டிப் பலகை போட்ட மேடை. அங்கே ஆசாத், அவன் பின்னால் நான், என் மிக்ஸர். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. மைதானத்தில் மைக் போட்டு ஆட்டத்தைச் சொல்லாவிட்டால் ஜனம் அதை ஆட்டமாகவே எடுத்துக்கொள்ளாது. கமிட்டிச் செயலாளர் பெருமாள்சாமி, குஜிலியம்பாறைக்காரர், ஒரே பிடியாக நின்றார். "மைக் இல்லாத மேட்ச்சு உப்பில்லாத வெஞ்சனம் அப்பு. ஆசாத்து கொரலு கிரவுண்டுல கேக்கணும்."

சேனல்காரர்கள் முடியாது என்றார்கள். கடைசியில் ஒரு சமாதானம். ஆசாத்தின் மைக்கிலிருந்து ஒரு வழி சென்னைக்கு. அது எப்போதும் திறந்திருக்கும். அதற்கு அவர்கள் கொடுத்த பெட்டியில் பச்சை விளக்கு எரியும். இன்னொரு வழி மைதானத்தில் கட்டிய எட்டு குழாய் ஸ்பீக்கருக்கு. அதன் வால்யூம் என் மிக்ஸரில் மேலும் கீழும் தள்ளுகிற மூன்றாவது பொத்தான். கோல் விழுந்தால், இடைவேளை வந்தால், அதை மேலே தள்ளிக்கொள்ளலாம். பந்து ஓடும்போது கீழே இருக்க வேண்டும். போட்டி இயக்குநர் கண்ணம்மாள், பழைய நடுவர், தானே மேடை ஏறி வந்து அந்த வால்யூமை விரலால் தொட்டுக் காட்டினார். "மைதான மைக்ல ஒரு டீமுக்கு யோசன போச்சுன்னா அது வெளி உதவி. ஆட்டத்த நிறுத்திருவேன். புரியுதா?" புரிந்தது என்று தலையாட்டினேன். ஆசாத்துக்கு எப்போது எது திறந்திருக்கிறது என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அது என் வேலை.

ஆரம்பிப்பதற்கு முன்னால் அவன் பேனாவால் மேசையின் இரண்டு முன்னங்காலையும் ஒவ்வொரு தட்டு தட்டினான். ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் கம்பம் இரண்டையும் மட்டையால் அப்படித் தட்டிவிட்டுத்தான் நிற்பான். பழைய ஆள் எழுந்துவிடக் கூடாதே என்று நான் மிக்ஸரைக் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

ஆனால் அருமையாகச் சொன்னான். அறுபது நிமிடம் ஒரு உத்தரவு இல்லை. இரண்டு தடவை "வெ" என்று வாய் திறந்து, அதை "வெகு வேகமாக" என்று மாற்றிக்கொண்டான். நான் பின்னால் சிரித்தேன். என் காதிலும் ஒரு ஹெட்போன் இருந்ததால் ஆனந்தி சென்னையிலிருந்து சொல்வது எனக்கும் கேட்டது. "நல்லா போகுது சார். இப்படியே போங்க." ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்தது. இனி ஷூட் அவுட்.

ஷூட் அவுட் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தூரத்துக் கோட்டிலிருந்து ஒருத்தி பந்தோடு தனியாக வருவாள். எதிரே கோல் கீப்பர் மட்டும். எட்டே நொடி. அதற்குள் போட்டால் கோல், இல்லாவிட்டால் இல்லை. பக்கத்துக்கு ஐந்து பேர். வேடசந்தூர் ஐந்தும் முடித்து மூன்று கோல் வைத்திருந்தது. கோவில்பட்டி நான்கு முடித்து இரண்டு. கடைசியாக வருகிறவள் பதினோராம் எண். அவள் போட்டால் சமன், ஆட்டம் தொடரும். ஜீவிதா தடுத்தால் கோப்பை வேடசந்தூருக்கு.

ஒவ்வொருத்தி வரும்போதும் பெயர் சொல்ல வால்யூமை மேலே தள்ளுவேன், நடுவர் கை உயர்ந்ததும் கீழே இழுப்பேன். ஒன்பது தடவை சரியாகச் செய்தேன். பத்தாவது தடவை நடுவர் கை உயர்ந்தது. என் விரல் வால்யூமின் மேலேயே இருந்தது. இழுக்கவில்லை.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள், ஆனால் அது பொய். எதிரே பெண்கள் வரிசையில் முஹ்சினா உட்கார்ந்திருந்தாள். ஜீவிதா தடுத்துவிட்டால், அந்த வெற்றியை ஆசாத் சொல்வதை என் எட்டு ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் முழங்க வேண்டும், அதை என் தங்கை கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எட்டே நொடிதானே, அறுபது நிமிடம் வாயை அடக்கியவன் எட்டு நொடி அடக்க மாட்டானா என்று நினைத்தேன்.

விசில். பதினோராம் எண் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "கோட்டைத் தாண்டி வருகிறார், ஜீவிதா முன்னால் வருகிறார்" என்று ஆரம்பித்தான். மூன்றாவது நொடியில் அந்தப் பெண் இடது தோளைச் சற்று இறக்கினாள். எனக்கு அது ஒன்றுமே இல்லை. ஆசாத்துக்கு அது போதும். நாற்காலி பின்னால் போய் என் காலில் இடித்தது.

"விழாத! விழாத! அது பொய்யி! நில்லு, நில்லு... வலது பக்கம் திருப்புவா... இப்ப! வலது! விழு!"

எட்டு ஸ்பீக்கரிலும் கேட்டது. மலைக்கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். ஜீவிதா விழாமல் நின்றாள். நின்றாள். "இப்ப" என்றதும் வலது பக்கம் முழு நீளத்துக்கு விழுந்தாள். பந்து அவள் கால் காப்பில் பட்டு வெளியே போனது. எட்டு நொடி முடிந்த ஹூட்டர் ஒலித்தது.

மைதானம் வெடித்தது. மில் பெண்கள் தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஓடினார்கள். நான் வால்யூமைக் கீழே இழுத்தேன். ஆசாத் நின்றபடியே இருந்தான், முகத்தில் ரத்தமே இல்லை. அவனுக்குத் தன் குரலே ஸ்பீக்கரிலிருந்து திரும்ப வந்து கேட்டிருக்கிறது.

"மச்சான், கிரவுண்டு திறந்தா இருந்துச்சு?"

ஏற்கெனவே கீழே இருந்த வால்யூமை நான் மறுபடியும் கீழே அழுத்தினேன். அதுவே அவனுக்குப் பதில்.

ஹெட்போனில் ஆனந்தி பேசினார். திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "சார்! இங்க எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுறாங்க. பாக்குறவங்க எண்ணிக்க மூணு மடங்கு ஆயிருச்சு. நான்தான் தப்பா நெனச்சிட்டேன். இதுதான் சார் வேணும், கோல் கீப்பரோட வாய். லீக் உங்களுக்குத்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா எனக்கு எக்கோ கேட்டுச்சு. கிரவுண்ட் மைக் ஆன்ல இருந்திருக்கு. யாராவது கேட்டா இல்லன்னு சொல்லிருங்க. சேனல் ஆளு ஒரு டீமுக்கு உதவி பண்ணான்னு வந்தா என் வேலையும் போயிரும், உங்க வேலையும் போயிரும்."

கீழே கோவில்பட்டிப் பயிற்சியாளர் கண்ணம்மாளிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணம்மாள் கோல் பக்கம் முதுகு காட்டி நின்றவர். கூட்டத்தின் இரைச்சலில் எந்தச் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்தது, எது வெறும் தொண்டையிலிருந்து வந்தது என்று அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை. பெருமாள்சாமியைக் கேட்டார். "மைக்கா? எங்க? ஒண்ணும் கேக்கலயேம்மா." கூட்டத்தைக் கேட்டார். இரண்டாயிரம் பேர், ஒரே குரலில், கேக்கல என்றார்கள். காது செவிடாகும்படி அத்தனை சத்தமாகச் சொன்னார்கள். கடைசியாக ஜீவிதாவைக் கேட்டார். அந்தப் பெண் தலைக்கவசத்தைக் கழற்றாமல் நின்றாள். கயிற்றோரம் நின்ற அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். "கேக்கல மேடம்" என்று தலையை ஆட்டினாள்.

கண்ணம்மாள் மேடை ஏறி வந்தார். அவருக்குப் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு பெருமாள்சாமியும்.

"ஆசாத் சார், உங்க வார்த்தைய நான் நம்புவேன். ஒலிம்பிக் ஆடுன ஆளு. உங்க குரல் மைதானத்துக்குப் போச்சா, இல்லையா?"

பெருமாள்சாமி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் ஆசாத்தைக் கும்பிட்டார். காதில் ஆனந்தி, "இல்லன்னு சொல்லுங்க சார், ஒரே வார்த்த" என்றார். நான் அல்லா அல்லா என்று முணுமுணுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவன் பொய் சொல்ல வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். மண்டியில் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஆசாத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மைக்கைத் தன் பக்கம் திருப்பினான். கண்ணம்மாளைப் பார்த்துப் பேசவில்லை. கீழே மைதானத்தைப் பார்த்து, வர்ணனை சொல்லும் அதே குரலில் சொன்னான்.

"நேயர்களே, நடந்ததைச் சொல்கிறேன். பதினோராம் எண் வீராங்கனை இடது தோளை இறக்கியபோது, வர்ணனையாளர் ஆசாத் தன் வேலையை மறந்தார். கோல் கீப்பருக்கு உத்தரவு போட்டார். அந்த உத்தரவு ஒலிபெருக்கி வழியாக மைதானத்தில் கேட்டது. ஜீவிதா அந்தக் குரலுக்குத்தான் நின்றார், அந்தக் குரலுக்குத்தான் விழுந்தார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. பின்னாலிருந்து குரல் வந்தால் எந்த கீப்பரின் உடம்பும் கேட்கும். அந்தப் பந்தைத் தடுத்தது நான். நான் ஆட்டத்தில் இல்லாதவன்."

"சார், வேணாம், சார்..." என்றார் ஆனந்தி. அப்புறம் யாரோ ஒரு ஆணின் அதட்டல் கேட்டது. காதில் ஒரு சொடுக்கு. பெட்டியில் எரிந்த பச்சை விளக்கு அணைந்தது.

ஆசாத் அதைப் பார்க்கவில்லை. பெட்டி அவன் முதுகுக்குப் பின்னால், என் பக்கம் இருந்தது. காதில் சத்தம் நின்றதும், ஆனந்தி கோபத்தில் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்திருப்பான்.

 கண்ணம்மாள் கீழே இறங்கிப் போய், பதினோராம் எண் மறுபடியும் வர வேண்டும் என்று கையைக் காட்டினார்.

அவன் ஒத்துக்கொண்டுவிட்டான் என்று புரிந்து மைதானம் முழுவதும் மேடை பக்கம் திரும்பியது. "ஏலே, நீ எந்த ஊர்க்காரன்டா?" என்று ஒரு குரல். "வெளியூர்க்காரனுக்கு ஆடுறானே" என்று இன்னொன்று. தண்ணீர் பாக்கெட் ஒன்று பறந்து வந்து என் மிக்ஸர் மேல் உடைந்தது. எதிரே முஹ்சினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். பெருமாள்சாமி என் காதருகே வந்து, "கோப்ப குடுக்க ஒங்க மாப்பிள்ளைய கூப்டிருந்தோம். எறங்க வேணாம்னு சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வால்யூமைக் கீழே இழுத்ததோடு நிற்கவில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். ஆசாத் பேனாவை எடுத்து மேசைக் கால் இரண்டையும் தட்டினான். கீழே ஜீவிதாவும் கம்பம் இரண்டையும் தட்டிவிட்டு வந்து நின்றாள். ஒரு தடவை மேடையைப் பார்த்தாள். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, கம்பிக்குப் பின்னால் கண் மட்டும்தான் தெரிந்தது.

விசில்.

"பதினோராம் எண் வருகிறார். ஜீவிதா முன்னால் வருகிறார். இரண்டு நொடி." இடது தோள் இறங்கவில்லை. இந்தத் தடவை அந்தப் பெண் வேறு எதையோ செய்தாள், என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. ஆசாத்துக்குப் பிடிபட்டுவிட்டது. மேசைக்கு அடியில் அவனுடைய கெட்டுப்போன வலது கால் தானாக நீண்டு பலகையில் முட்டியது. வலி முகத்தில் தெரிந்தது. குரலில் தெரியவில்லை. "நான்கு நொடி. வலது பக்கம் காட்டுகிறார், ஜீவிதா ஏமாறவில்லை. ஐந்து. இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். ஆறு. பந்தை இழுத்துச் சுழல்கிறார், ஜீவிதா கையை நீட்டுகிறார், பந்து கையுறையில் படுகிறது..."

ஒரு மூச்சு விட்டான்.

"கோல்."

அதற்கப்புறம் நடந்தது சீக்கிரம் முடிந்துவிட்டது. கூடுதல் சுற்றில் கோவில்பட்டி போட்டது. வேடசந்தூர்ப் பெண் அடித்தது கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஆசாத் ஒவ்வொன்றையும் சொன்னான். விழுந்தவளைச் சொன்னான், அவளைத் தூக்கிவிட்ட எதிரணிப் பெண்ணைச் சொன்னான். என் வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு மைக் கொடுத்திருக்கிறேன். கட்சித் தலைவர்கள், பட்டிமன்றக்காரர்கள், எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. அந்த நாலு நிமிடம் அவன் சொன்னதைப்போல நான் கேட்டதில்லை. அது எங்கும் போகவில்லை. என் ஹெட்போனுக்கு மட்டும் வந்தது.

கூட்டம் கலையத் தொடங்கியபோதுதான் திட்டு உச்சத்துக்குப் போனது. பத்துப் பதினைந்து பேர் மேடைக்குக் கீழே வந்து சாரத்தைப் பிடித்து ஆட்டினார்கள். ஆசாத் முடிவுரைக்கு வந்திருந்தான். நான் கையிலிருந்த ஒயரைச் சொருகினேன். மூன்றாவது வால்யூமை மேலே தள்ளினேன். அவன் பேச்சின் நடுவிலிருந்து ஸ்பீக்கர்கள் மைதானம் முழுக்கப் பேசின.

"...முதல் தடவை நான் சொல்லி நின்றார். இரண்டாம் தடவை அவராகவே நின்றார். என் முதல் பெரிய ஆட்டத்தில் நான் மூன்றாவது நொடியிலேயே விழுந்துவிட்டேன். ஜீவிதா ஆறாவது நொடி வரை விழவில்லை. பதினேழு வயது. கையுறையில் பட்டு உள்ளே போன அந்தப் பந்து அவருடையது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சென்னை நேயர்கள் அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் மைதானத்திலிருந்து விடைபெறுவது, ஆசாத்."

சாரத்தை ஆட்டியவர்கள் கையை எடுத்தார்கள். யாரும் கை தட்டவில்லை. ஜீவிதா கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கவசத்தைக் கழற்றிவிட்டு அண்ணாந்து ஸ்பீக்கரைப் பார்த்தாள்.

ஆசாத் ஹெட்போனைக் கழற்றினான். தன் பெயர் எட்டுத் திசையிலிருந்தும் திரும்பி வருவதைக் கேட்டு என் பக்கம் திரும்பினான்.

"எப்பத் தொறந்த?"

"இப்பத்தேன்."

"அப்ப சென்னைக்கு?"

பெட்டியைக் காட்டினேன். விளக்கு இல்லாத பெட்டியை அவன் விரலால் தட்டிப் பார்த்தான்.

"எப்பப் போச்சு?"

"நீ உண்மையச் சொன்ன ஒடனே கட் பண்ணிட்டாக மாப்ள."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திருவ. கேக்கணும் போல இருந்துச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அந்த ரெண்டாவது எட்டு நொடியில உத்தரவு ஏதாச்சும் போட்டேனா மச்சான்?"

"ஒண்ணு கூடப் போடல."

"அப்ப வேலைக்கு லாயக்காயிட்டேன்" என்றான். "வேலதேன் இல்ல. சரி, நாளைக்கி மண்டியத் தொறக்கணும், வா, ஒயரச் சுத்துவோம்."

கீழே ஒரு சத்தமும் இல்லை. கயிற்றோரம் நின்றவர்கள், பஸ் ஏறப் போனவர்கள், பெருமாள்சாமி, ஜீவிதாவின் அம்மா, எல்லோரும் நின்ற இடத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முஹ்சினா வாயிலிருந்து முந்தானையை எடுத்திருந்தாள். நாங்கள் பேசியது ஒவ்வொன்றும் எட்டு ஸ்பீக்கரிலும் போய்க்கொண்டிருந்தது. ஆசாத் அப்போதுதான் அதைக் கவனித்து, மூடு என்று எனக்குக் கையைக் காட்டினான்.

நான் மூடவில்லை. அவனைத் தாண்டிக் குனிந்து மைக்கைப் பிடித்தேன். இருபது வருடம் மைக் வாடகைக்கு விட்டிருக்கிறேன், ஒரு நாளும் அதில் பேசியதில்லை.

"நான் மைக் செட்டு அப்பாஸ் பேசுறேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. மொதத் தடவ இதத் தொறந்து வச்சது நான். தெரிஞ்சேதேன் தொறந்து வச்சேன்."